வழிச்செல்வோர் கைப்பொருள்

தோற்றுவாய்

பிறநாடு செல்வோர்க்கு இன்றியமையாதன மூன்று: வழியறிவு, மொழியறிவு, வழிப்பொருள் என்பன. முன்னைய இரண்டும் ஓரளவு குறையினும், கண்டாரை வினவியும் கைக்குறி காட்டியும் காலந்தள்ளலாம். மூன்றாவது குறையுமாயின் ஒருவேளை உணவும் அரிதாகும். அவ்வழிப்பொருளை எவ்வடிவிற் கொண்டு செல்வது என்பதே இக்காலத்துப் பெரியதோர் ஐயம். நாணயமும் நோட்டுமாக மடியிற் கட்டிச் செல்வதா? அன்றி, ஒரு கார்டையோ கைப்பேசியையோ மட்டும் நம்பிச் செல்வதா? முன்னதைப் பழமையென்று இகழ்வாரும், பின்னதை மாயமென்று அஞ்சுவாரும் உளர். இருதிறத்தார் கூற்றும் முற்றும் பொருந்தா என்பது எம் கருத்து. நம் கல்லூரியினின்று மேற்படிப்பின்பொருட்டும் தொழிலின்பொருட்டும் கடல்கடந்து செல்வோர் பலராதலின், இதனை ஈண்டுச் சிறிது ஆராய்தல் பயனுடைத்தென்று துணிந்தேம்.

முதற்கண் சொல்லை நோக்குவாம். ஆங்கிலத்திற் ‘கேஷ்’ எனுஞ் சொல் இரண்டுண்டு. ரொக்கப் பணத்தைக் குறிப்பது ஒன்று. அது பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழிவந்தது. கீழ்நாடுகளில் வழங்கிய சிறு நாணயத்தைக் குறிப்பது மற்றொன்று. அது நம் தமிழ்க் ‘காசு’ என்னுஞ் சொல்லே போர்த்துகேசியர் நாவிற் புகுந்து திரிந்து ஆங்கிலம் சென்றதாகும். ஒலியால் ஒன்றுபட்டுப் பிறப்பால் வேறுபட்ட இவ்விரு சொற்களும் நம் ஆராய்ச்சிக்கு நல்ல தோற்றுவாயாகின்றன. ஏனெனில், கையிலிருக்கும் காசு வேறு. பெட்டியில், பிறர் காவலில் இருக்கும் பணம் வேறு. வழிச்செல்வோன் இவ்விரண்டனுள் எதனை நம்புவது என்பதே வினா.

நம்பிக்கையின் மூன்று படிகள்

பணம் மக்கட்குப் பயன்பட்ட முறைமையை மூன்று படிகளாக வகுக்கலாம். முதற்படி உலோகம். கோயமுத்தூர், கருவூர்ப் பகுதிகளில் உரோமப் பேரரசர்களாகிய அகஸ்தஸ், திபேரியு என்போர் காலத்து வெள்ளித் தெனாரியங்கள் குவியல் குவியலாகக் கிடைத்துள்ளன. அவற்றைக் கொணர்ந்த வணிகனுக்கு இந்நாட்டில் உறவில்லை. அவன் அரசனுக்கு ஈண்டு ஆணையில்லை. ஆயினும் அவன் காசு இங்கே செல்லுபடியாயிற்று. வெள்ளி தன் நம்பிக்கையைத் தன்னுள்ளேயே தாங்கி நின்றமையே அதற்குக் காரணம்.

உலோகத்தின் குறை அதன் பாரம். சுவீடன் நாட்டார் வெள்ளி அருகிச் செம்பு மலிந்தமையாற் செப்புத் தகடுகளையே நாணயமாக வழங்கினர். 1644-ஆம் ஆண்டில் அவர் அடித்த 10 தாலர்த் தகடு ஒன்றன் நிறை ஏறத்தாழ 20 கிலோகிராம். அதனைச் சுமந்து சந்தைக்குச் செல்வோன் பொருள் வாங்குவதற்கு முன்னரே களைத்திருப்பான். ஆகவே 1661-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரத்துப் பாங்கு ஒன்று பால்ம்ஸ்ட்ரூக் என்பவர் தலைமையில் ஐரோப்பாவின் முதற் காகித நோட்டை வெளியிட்டது. சீனர் இவர்க்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவர். சிச்சுவான் நாட்டு வணிகர், இரும்புக் காசின் பாரந் தாங்காது காகிதச் சீட்டை வழங்கத் தொடங்க, 11-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அரசே அத்தொழிலை மேற்கொண்டது. 13-ஆம் நூற்றாண்டில் ஆண்டுச் சென்ற மார்க்கோ போலோ, மரப்பட்டையாற் செய்த தாள் பொன்னுக்கு ஈடாதல் கண்டு வியந்து எழுதினார். இஃது இரண்டாம் படி. இங்கே நம்பிக்கை தாளில் இல்லை. அதனை வெளியிட்டோர் வாக்கில் உளது. அவ்வாக்குப் பொய்ப்பின் தாளும் பொய்க்கும். பால்ம்ஸ்ட்ரூக்கின் பாங்கு, தன்னிடமிருந்த உலோகத்தின் அளவைக் கடந்து நோட்டடித்துச் சில ஆண்டுகளிலேயே வீழ்ந்தது.

மூன்றாம் படி, பணத்தைத் தன்னூரில் வைத்துவிட்டு, உண்டு என்னுஞ் சான்றை மட்டும் கொண்டு செல்லுதல். நம் நாட்டுக்கோட்டை நகரத்தார் இரங்கூன், கொழும்பு, பினாங்கு முதலிய நகரங்கட்கும் தாய்நாட்டுக்குமிடையே எழுதிய உண்டியல்கள் இவ்வகையின. 1772-ஆம் ஆண்டளவில் இலண்டனிலும், பின்னர் 1874-ஆம் ஆண்டில் தாமஸ் குக் நிலையத்தாராலும் வழிச்செல்வோர்க்கென்றே சுற்றுச்சீட்டுக்கள் வழங்கப்பட்டன. 1891-ஆம் ஆண்டில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிலையம், வாங்கும்போது ஒருமுறையும் செலவிடும்போது மற்றொருமுறையும் கையெழுத்திட்டு ஒப்புநோக்கும் பிரயாணிகள் செக்கை ஏற்படுத்திற்று. இந்நாளைய கார்டும் கைப்பேசிச் செலவும் அச்செக்கின் வழித்தோன்றல்களே.

இம்மூன்று படிகளையும் ஒருசேர நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். படி ஏறுந்தோறும் சுமை குறைகின்றது. நம்பவேண்டியவர் தொகை மிகுகின்றது. வெள்ளிக் காசினன் வெள்ளியை மட்டும் நம்பினான். நோட்டு உடையான் அரசையும் நம்பவேண்டும். கார்டு உடையானோ தன் பாங்கு, கடைக்காரன் பாங்கு, இடைநின்று கணக்குத் தீர்க்கும் நிலையம், மின்சாரம், தொலைத்தொடர்பு என்பவற்றுள் ஒன்றும் தவறாது என்று நம்பவேண்டும். தன்னாட்டில் இவற்றுள் ஒன்று தவறினும் அயலார் உதவுவர். பிறநாட்டில் அயலார் யார்?

நாட்டுக்கு நாடு வழக்கம்

இனி இக்காலத்து நாடுகளின் வழக்கத்தைக் காண்பாம். காகித நோட்டைக் கண்ட சீனமும், ஐரோப்பாவில் அதனை முதன்முதல் ஏற்ற சுவீடனுமே இன்று அதனைப் பெரிதும் கைவிட்ட நாடுகளாய் விளங்குதல் வியப்பினும் வியப்பே. சுவீடனிற் கடைக்காரன், ‘ரொக்கம் ஏற்பதில்லை’ என்று பலகை தொங்கவிட்டு நோட்டை மறுத்துவிடலாம். ஸ்டாக்ஹோம் நகரப் பஸ்களில் நாணயங் கொடுத்துப் பயணஞ் செய்தல் இயலாது. அந்நாட்டார் தம்முட் பணம் மாற்றிக்கொள்ளும் ‘ஸ்விஷ்’ என்னும் கைப்பேசி முறை 2012-ஆம் ஆண்டில் தோன்றியது; அதற்கு அந்நாட்டுப் பாங்குக் கணக்கும் அந்நாட்டார்க்குரிய அடையாள எண்ணும் வேண்டும். ஆகவே விருந்தாய்ச் செல்வோன் அம்முறையிற் பங்குபெறான். தன் கார்டையே நம்பவேண்டியவன் ஆகின்றான்.

சீனத்தில் வழக்கம் வேறு. கடைதோறும் கியூஆர்ச் சதுரம் தொங்குகின்றது. அலிபே, வீசாட் என்னும் இரண்டுமே அங்குப் பெருவழக்கின. முன்னாளில் அயல்நாட்டார் இவற்றைப் பயன்படுத்தல் அரிதாயிருந்தது. 2023-ஆம் ஆண்டில் அயல்நாட்டுக் கார்டுகளை இவற்றோடு இணைக்கும் வசதி விரிவாக்கப்பட்டது. 2024 மார்ச்சில் அவர் ஒருமுறை செலுத்தக்கூடிய தொகையின் எல்லை 1,000 அமெரிக்க டாலரினின்று 5,000 டாலராக உயர்த்தப்பட்டது. நோட்டை மறுத்தல் கூடாதென்பது அந்நாட்டு நடுப்பாங்கின் ஆணை. எனினும், நோட்டை நீட்டினால் மீதி கொடுக்கச் சில்லறை தேடும் கடைக்காரனையும் ஆங்குக் காணலாம்.

செருமனி இவ்விரண்டற்கும் மாறுபட்டது. தொழில்நுட்பத்தில் முன்னிற்கும் அந்நாட்டார் ரொக்கத்தை இன்னும் கைவிட்டிலர். 2023-ஆம் ஆண்டு அந்நாட்டு நடுப்பாங்கு நடாத்திய ஆராய்ச்சியில், மக்கள் செய்த செலவுகளுள் எண்ணிக்கையாற் பாதிக்குச் சற்று மேற்பட்டவை ரொக்கத்தாலேயே நிகழ்ந்தன என்று தெரியவந்தது. தாம் எங்கே எதற்குச் செலவிட்டோம் என்பதைப் பிறர் அறிதல் வேண்டா என்னும் எண்ணம் அவரிடத்து வலிமையுடையது.

நம்மவர் ஓரிடத்து ஏமாறுவதுண்டு. தெருமுனைத் தேநீர்க்கடை முதல் பூக்காரி கூடைவரை யு.பி.ஐ. செல்லக் கண்டு பழகிய நாம், அஃது உலகெங்கும் செல்லுமெனக் கருதிவிடுகின்றோம். 2023 பிப்ரவரியிற் சிங்கப்பூரின் பேநவ் முறையோடு அஃது இணைக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் இலங்கையிலும் மொரீஷியஸிலும் தொடங்கப்பட்டது. அதே திங்களிற் பாரிஸ் நகரத்து ஐபெல் கோபுரத்தின் நுழைவுச்சீட்டுக்கும் ஏற்கப்பட்டது. இவை மகிழத்தக்கனவே. ஆயினும் ஒரு கோபுரத்திற் செல்வது அக்கோபுரத்தின் அடியிலுள்ள ரொட்டிக் கடையிலும் செல்லுமென்று கொள்ளுதல் தவறு.

எம் தமையனார் கண்ட இரண்டு நாட்கள்

ஏட்டறிவோடு நில்லாது எம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்றனையும் ஈண்டுக் கூறுதல் பொருந்தும். எம் தமையனார் 2024 அக்டோபரில் மேற்படிப்புக்காகச் செருமனி சென்றார். அந்நாடு செல்லும் மாணவர் ஓராண்டுச் செலவுக்குரிய பணத்தை முன்னரே ஒரு முடக்கக் கணக்கிற் செலுத்திக் காட்டல் வேண்டும். அத்தொகை 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ ஆயிற்று. திங்கள்தோறும் 992 யூரோவே அதனின்று பெறலாம். அதுவும் ஆங்குச் சென்று கணக்குத் திறந்த பின்னரேயாம். எம் அன்னையார் நகையும் தந்தையார் சேமிப்பும் அத்தொகையாயின.

புறப்படும் நாளில் அன்னையார் ஐந்து இருபது யூரோ நோட்டுக்களை ஒரு சிறு துணிப்பையிலிட்டு அவர் கையிற் கொடுத்தார். “கார்டு இருக்கும்போது இஃதெதற்கு, அம்மா?” என்று அவர் நகைத்தார். “கார்டு இருக்கட்டும், தம்பி, மடியிலும் நாலு காசு இருக்கட்டும்” என்றார் அன்னையார்.

சனிக்கிழமை மாலை விமானத்தினின்று இறங்கி, இரயில் நிலையத்திற் பயணச்சீட்டுப் பொறியின்முன் நின்ற தமையனார் கார்டை இட்டார், பொறி மறுத்தது. மீண்டும் இட்டார், மீண்டும் மறுத்தது. இந்திய ரிசர்வ் பாங்கு 2020-ஆம் ஆண்டில் விதித்த முறைப்படி, புதிதாய் வழங்கப்படும் கார்டுகள் உள்நாட்டுச் செலவுக்கே திறந்திருக்கும். வெளிநாட்டுச் செலவு வேண்டின் உடையவரே அதனைத் திறந்துகொள்ளல் வேண்டும். திருடர் கையினின்று மக்களைக் காக்க எழுந்த நல்விதி அது. தமையனார் அதனை மறந்திருந்தார். அங்கு நின்றே திறக்க முயன்றபோது பாங்கு ஓ.டி.பி. எண் கேட்டது, அவ்வெண் அவருடைய இந்தியத் தொலைபேசிக்கே வரும், அத்தொலைபேசியோ வெளிநாட்டு இணைப்புப் பெறாது ஊமையாய்க் கிடந்தது.

ஓராண்டுச் செல்வம் தம் பெயரால் அந்நாட்டிலேயே இருக்க, ஒரு பயணச்சீட்டு வாங்க வழியின்றி நின்ற அந்நிலையை அவர் பின்னர் எமக்குச் சொல்லுங்காலும் அவர் குரல் தாழ்ந்தது. அன்னையார் கொடுத்த துணிப்பை அப்போது திறக்கப்பட்டது. அறைக்குரிய தொகை முன்னரே செலுத்தப்பட்டிருந்தமையின் தங்குதற்கு இடரில்லை. மறுநாள் ஞாயிறு, அந்நாட்டிற் கடைகள் பெரும்பாலும் அடைக்கப்பட்டிருக்கும். இரயில் நிலையத்துக் கடையில் ரொட்டியும் பாலும் வாங்கினார். காலையில் ஆலயஞ் சென்று காணிக்கைத் தட்டில் ஒரு நாணயம் இட்டார். எஞ்சியதை எண்ணி எண்ணிச் செலவிட்டார். திங்கட்கிழமை எந்தையார் இங்கே தொலைபேசி நிலையஞ் சென்று வெளிநாட்டு இணைப்புப் பெற்றுத் தந்தார், உடனே எண் வந்தது, கார்டும் திறந்தது. நூறு யூரோ அவ்விரண்டு நாட்களிற் செய்த பணியைப் பன்னீராயிரம் யூரோ செய்யவில்லை.

நாடு முழுதும் தடைப்படுங்கால்

இது தனிமனிதர் மறதி. நாடு முழுதும் தடைப்படுதலும் உண்டு. 2025 ஏப்ரல் 28-ஆம் நாள் நண்பகலில் ஸ்பெயின், போர்த்துகல் நாடுகளின் பெரும்பகுதியில் மின்சாரம் ஒருங்கே நின்றது. இரயில்கள் நின்றன, விளக்குகள் அணைந்தன, கார்டு ஏற்கும் பொறிகளும் ஏ.டி.எம்.களும் செயலற்றன. அன்று மாலைவரை ரொட்டியும் நீரும் விளக்குத்திரியும் வாங்கியவர் பெரும்பாலும் சட்டைப்பையிற் காசுடையவரே.

அரசியலாலும் தடை நேரும். உக்ரேன் போர் மூண்டபின், 2022 மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்டு நிலையங்கள் இரஷியாவில் தம் பணியை நிறுத்தின. பிறநாட்டுக் கார்டுகள் அந்நாட்டிற் செல்லாவாயின. அந்நாட்டார் தம் கார்டுகள் வெளியே செல்லாவாயின. தாய்லாந்துக்கு விடுமுறை கழிக்கச் சென்றிருந்த இரஷியர் பலர், பாங்கிற் பணமிருந்தும் விடுதிக்குக் கொடுக்க வகையின்றி இடர்ப்பட்டனர்.

ரொக்கத்தைப் பெரிதும் துறந்த சுவீடன் அரசே இதனை உணர்ந்துவிட்டது. 2024 நவம்பரில் அந்நாட்டு இல்லந்தோறும் அனுப்பிய நெருக்கடிக்கால அறிவுரை நூலில், ஒரு வாரத்துக்கேனும் போதிய ரொக்கத்தை வீட்டில் வைத்திருக்குமாறு மக்களை அறிவுறுத்தியது. நார்வே நாடு 2024 அக்டோபர் முதல், கடையில் ரொக்கங் கொடுக்கும் உரிமையைச் சட்டத்தால் வலியுறுத்தியது. பாங்குக் கணக்கில்லா ஏழையும், கைப்பேசி பழகா முதியோரும், புதிதாய் வந்த அயலாரும் ரொட்டிக்கடை வாயிலினின்று திருப்பப்படுதல் அறமாகாது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

ரொக்கத்தின் குறைகள்

இவற்றால் ரொக்கமே சாலும் என்பார்க்கும் விடை கூறுதல் கடன். களவுபோன நோட்டு மீளாது. களவுபோன கார்டை ஒரு சொல்லால் முடக்கலாம். நோட்டும் என்றும் நிலையுடையதன்று. நம் நாட்டில் 2016 நவம்பர் 8-ஆம் நாள் நள்ளிரவோடு 500, 1,000 ரூபா நோட்டுக்கள் செல்லாவாயினமையை நாம் அறிவோம். சுவீடனிலும் பழைய 100, 500 குரோனர் நோட்டுக்கள் 2017 ஜூனுக்குப் பின் கடைகளிற் செல்லாவாயின. முன்னைப் பயணத்தில் எஞ்சியதைப் போற்றி வைத்தோர்க்கு அது வெறுந்தாளே. மேலும் பணமாற்றுவோர் வாங்குவது ஒரு விலை, விற்பது ஒரு விலை. விமான நிலையங்களில் அவ்விடைவெளி பெரிதும் அகலும். எஞ்சிய நாணயங்களை அவர் பெரும்பாலும் வாங்கார். விதியும் ஓர் எல்லை காட்டுகின்றது: நம் நாட்டினின்று செல்வோர், சில நாடுகள் நீங்கலாக, ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கே அயல்நாட்டு நோட்டு வாங்கலாம்.

செய்யத்தக்கன

ஆகவே செய்யத்தக்கன இவை. புறப்படுமுன் கார்டின் வெளிநாட்டுச் செலவைத் திறந்துகொள்க. தொலைபேசிக்கு வெளிநாட்டு இணைப்புப் பெறுக. வெவ்வேறு நிலையத்தைச் சார்ந்த கார்டுகள் இரண்டு கொள்க. அவற்றை ஒரே பையில் வையற்க. மூன்று நான்கு நாள் உணவுக்கும் ஊர்திக்கும் போதிய ரொக்கத்தைச் சிறு நோட்டுக்களாகக் கொள்க. பிறநாட்டு ஏ.டி.எம்.மில் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் உண்டாதலின், சிறிது சிறிதாகப் பன்முறை எடாது வேண்டுமளவு ஒருமுறை எடுக்க. கடன் கார்டால் ரொக்கம் எடுத்தலைத் தவிர்க்க. அதற்கு அன்றே வட்டி ஓடத் தொடங்கும்.

இன்னும் ஒன்று. கடையிற் பொறியானது, “உம் நாட்டு ரூபாவிற் செலுத்துவீரோ, இந்நாட்டுப் பணத்திற் செலுத்துவீரோ?” என்று வினவும். ரூபா நமக்குப் பழகியதாகலின் அதனைத் தெரிந்தெடுக்க மனம் விழையும். அங்ஙனம் எடுப்பின் மாற்றுவிலையைக் கடைக்காரன் பக்கத்தார் குறிப்பர். அது பெரும்பாலும் நமக்கு நட்டமாம். எடுத்துக்காட்டாக, ஒரு யூரோ 100 ரூபா என்று கொள்வோம். 40 யூரோ உணவுக்கு 4,000 ரூபா; நம் பாங்கு நூற்றுக்கு மூன்றரை கூட்டின் 140 சேர்ந்து 4,140 ஆகும். அவரோ யூரோவுக்கு 106 எனக் குறிப்பின் 4,240 ஆகும். ஆகவே எந்நாட்டிற் செலவிடுகின்றோமோ அந்நாட்டுப் பணத்தையே தெரிந்தெடுத்தல் அறிவுடைமை.

முடிவுரை

ஆராய்ந்த அளவில் எம் துணிவு இது: நாட்செலவுக்குக் கார்டு நன்று, இடுக்கண் வந்த நாளுக்கு ரொக்கம் நன்று. ஒன்றை மற்றொன்றன் பகையாகக் கொள்வது பேதைமை.

நம் ஆண்டவர் கூறிய நல்ல சமாரியன் கதையை நாம் யாவரும் அறிவோம். காயமுற்றவனுக்கு அவன் காட்டிய இரக்கத்தையே பலகாற் கேட்டுள்ளோம். அவன் பணஞ் செலுத்திய முறையை நோக்கினோமில்லை. அவன் எருசலேம்–எரிகோ வழியில் அயலான். அவனினத்தாரோடு அந்நாட்டார் கலவார். அவன் சத்திரக்காரன் கையில் இரண்டு தெனாரியங்களை அப்போதே கொடுத்தான். மேலாகுஞ் செலவைத் திரும்பி வருங்காற் தருவதாக வாக்களித்தான். முன்னது ரொக்கம், பின்னது நம்பிக்கை. இரண்டு நாளைக்குக் கையிற் காசும் அதற்கப்பால் வாக்கும் என்பது அவன் முறை. அவ்வாக்கை ஒரு சத்திரக்காரன் ஏற்றான் என்பதையும் நினைக்க.

கொங்கு நாட்டு மண்ணினின்று கிளைத்தெடுத்த தெனாரியமும் அவ்வினத்துக் காசே. எம் தமையனார் அத்துணிப்பையை இன்னும் வைத்திருக்கின்றார். அதனுள் இருபது யூரோ நோட்டு ஒன்று எப்போதும் உளது. புதிதாய் வந்திறங்கும் மாணவர் எவரேனும் இரயில் நிலையத்துப் பொறியின்முன் திகைத்து நிற்கக் காணின், அது கைமாறும். பின்னர் வேறொன்று அவ்விடம் புகும். பிறநாட்டில் அயலார் யார் என்று முன்னர் வினவினோம். அதற்கு விடை அத்துணிப்பையில் இருக்கின்றது.